டிவிஎஸ் 50: எஞ்சினைத் திரும்ப மாட்டும்போது கவனிக்க வேண்டிய சின்னப் பொருள்கள்

கைனடிக் லூனா 1972ல் வந்தது. 1980ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது, இரண்டு பேர் போகக்கூடிய மொபெட் என்ற பெயரோடு. பெடல் உண்டு, செயின் உண்டு, நடுவில் 50 சிசி எஞ்சின். மோட்டார் வைத்த சைக்கிள் என்றே சொல்லலாம். 2015ல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்த பிறகு, பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினைப் பிரித்துப் பழகிய கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. மயிலாப்பூர், அடையார் அப்பார்ட்மென்ட் பார்க்கிங்குகளில் "அப்பா ஓட்டிய வண்டி" என்று தூசி படிந்து நிற்பதைத் தாங்களே பிரித்துப் பார்க்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாகப் பார்க்கலாம். பிரிப்பது சுலபம், மாட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது.

கழற்றிய வரிசையை அப்படியே திருப்பிப் போட்டால் போதும் என்று நம்மைப் போன்ற சாஃப்ட்வேர் ஆட்களுக்குத் தோன்றும், 'அன்டூ' அடிப்பது மாதிரி. ஆனால் வரிசை மட்டும் போதாது. எந்தப் பொருள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், ஏன் என்பதும் தெரிய வேண்டும்.

கிராங்க் கேஸும் ஒரு பம்ப்தான்

1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஜோசப் டே உருவாக்கிய வடிவம்தான் இதற்கு மூலம். வால்வுகள் கிடையாது. பிஸ்டன் மேலே போகும்போது கீழே உள்ள கிராங்க் கேஸுக்குள் பெட்ரோல் கலந்த காற்று இழுக்கப்படுகிறது. பிஸ்டன் இறங்கும்போது அது அழுத்தப்பட்டு, பக்கவாட்டு வழிகளில் மேலே ஏறுகிறது. அதாவது பிஸ்டனின் மேல்பக்கம் வெடிக்கிறது, கீழ்பக்கம் பம்ப் அடிக்கிறது. நகரும் பொருள்கள் குறைவு என்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேலை. ஒரு பேக்கிங் சரியில்லை என்றாலும் பம்பில் ஓட்டை விழுந்த கணக்குதான்.

பிஸ்டன் ரிங்

நான்கு ஸ்ட்ரோக்கில் ரிங் அதன் பள்ளத்துக்குள் சுற்றலாம். இங்கே சுற்றக் கூடாது. சிலிண்டர் சுவரில் போர்ட் எனப்படும் துவாரங்கள் இருக்கின்றன. ரிங்கின் வாய் ஒரு போர்ட்டுக்கு நேராக வந்தால் முனை வெளியே துருத்தி, போர்ட்டின் விளிம்பில் மாட்டி உடையும். அதைத் தடுக்கத்தான் பள்ளத்துக்குள் கடுகளவு ஊசி அடித்திருக்கிறார்கள். ரிங்கின் இரண்டு முனைகளும் அந்த ஊசியின் இருபுறமும் உட்கார்ந்திருக்க வேண்டும். பிளாக்கை இறக்கும்போது தட்டித் தள்ளக் கூடாது. விரலால் ரிங்கை அமுக்கிக்கொண்டு மெதுவாக இறக்கினால் தானாக உள்ளே போகும். போகவில்லை என்றால் முனை ஊசியின் மேல் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

பிஸ்டனின் தலையில் அம்புக்குறி இருந்தால் அது சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஊசிகள் தப்பான இடத்துக்கு வந்துவிடும்.

பிஸ்டன் பின் லாக்

பின் நழுவாமல் இரண்டு பக்கமும் கம்பி வளையம் போடுவார்கள். 5000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் வினாடிக்குச் சுமார் 167 முறை நின்று திசை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் அந்த வளையம் மேலும் கீழும் உலுக்கப்படுகிறது. அதன் வாய் பக்கவாட்டில் இருந்தால், அந்த உலுக்கல் முனைகளை ஒன்றையொன்று நோக்கித் தள்ளி வளையத்தைச் சுருக்கப் பார்க்கும். வாய் நேர் மேலேயோ நேர் கீழேயோ இருந்தால் அந்தப் பிரச்சினை இல்லை. கழற்றிய லாக்கைத் திரும்பப் போடவே கூடாது. ஒருமுறை வளைந்ததற்கு இழுவிசை குறைந்திருக்கும். லாக் மாட்டும்போது கிராங்க் கேஸின் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். உள்ளே தெறித்து விழுந்தால் முழு எஞ்சினையும் பிளக்க வேண்டியதுதான்.

மேக்னெட்டின் அரைவட்டக் கீ

மேக்னெட் சுற்றுவதற்கு இந்தக் கீதான் பிடிமானம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பிடித்திருப்பது கிராங்கின் கூம்பு வடிவ முனை. கீ செய்வது இடம் காட்டும் வேலை மட்டும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பிளக்கில் பொறி வர வேண்டும், அந்தக் கணக்கைத்தான் கீ காக்கிறது. கூம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ நட் தளர்வாக இருந்தாலோ பாரம் முழுவதும் கீயின் மேல் விழும். கீ வெட்டுப்பட்டு டைமிங் நகர்ந்துவிடும். பொறி வரும், பெட்ரோல் வரும், வண்டி மட்டும் கிளம்பாது. கூம்பை பெட்ரோல் விட்டு சுத்தமாகத் துடைத்து, உலர்ந்த பிறகே மேக்னெட்டை ஏற்றுங்கள்.

பாயின்ட் இடைவெளி இந்த வகை எஞ்சின்களில் பெரும்பாலும் 0.35 முதல் 0.45 மி.மீ. வரை. பீலர் கேஜ் வைத்து, பாயின்ட் முழுசாகத் திறந்திருக்கும்போது பார்க்க வேண்டும்.

ஆயில் சீலும் பேக்கிங்கும்

கிராங்கின் இரண்டு பக்கமும் சீல் உண்டு. மேக்னெட் பக்க சீல் கிழிந்தால் வெறும் காற்று உள்ளே போகும். கலவையில் பெட்ரோலும், அதோடு கலந்த 2டி ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் ஜாம் ஆகும். மறுபக்க சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெள்ளைப் புகை தள்ளும். சீலை மாட்டும்போது உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவி, கிராங்கின் கூர் விளிம்பில் கிழியாமல் ஏற்ற வேண்டும்.

பிளாக்கின் அடியில் வைக்கும் பேக்கிங் பழையதன் கனத்திலேயே இருக்க வேண்டும். கனமான அட்டையை வெட்டிப் போட்டால் பிளாக் உயர்ந்து, போர்ட்டுகள் திறக்கும் நேரம் மாறும், கம்ப்ரஷனும் குறையும். பசையைத் தாராளமாக அப்பினால் அது பிதுங்கி உள்வழிகளை அடைக்கும்.

எதற்கு இவ்வளவு கவலை?

இந்தச் சாமான்கள் எல்லாம் விலை குறைவு. இவை கெடுப்பது பிளாக்கை. உடைந்த ரிங்கோ கழன்ற லாக்கோ சிலிண்டர் சுவரில் கோடு கிழித்தால் போர் போட்டுப் பெரிய பிஸ்டன் ஏற்ற வேண்டும். 0.25 மி.மீ. கணக்கில் சில தடவைதான் அப்படிச் செய்ய முடியும். அதற்குப் பிறகு வேறு பிளாக் தேட வேண்டும், தயாரிப்பு நின்ற வண்டிக்கு அது லேசில் கிடைக்காது.

சாமான் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடோ புதுப்பேட்டையோ போகும்போது பழைய பொருளைக் கையோடு எடுத்துப் போங்கள். "டிவிஎஸ் 50 சீல்" என்று வாயால் கேட்டு வாங்குவதைவிட, பக்கத்தில் வைத்து அளந்து வாங்குவது நல்லது.

எல்லாம் மாட்டி முடித்ததும் உடனே பெடலை மிதிக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டு மேக்னெட்டைக் கையால் நாலைந்து சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது தட்டினாலோ உரசினாலோ பிரிக்க வேண்டியதுதான். சத்தமில்லாமல் சுற்றினால் பிளக்கைப் போட்டு ஓட்டலாம். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு பிளக்கைத் திரும்பக் கழற்றிப் பாருங்கள். காபிப் பொடி நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. அப்போது கார்ப்பரேட்டரைத் திருகுவதற்கு முன்னால் சீலையும் பேக்கிங்கையும் பாருங்கள்.