இடுப்பும் ஷிஃப்டும் – 9: தடி எந்தக் கையில்?

போன வாரம் உட்கார்ந்து எழும் பயிற்சியோடு நிறுத்தியிருந்தேன். தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழை வாங்கிப் பார்த்துக்கொள்ளவும். இந்த வாரம் இடுப்பின் பக்கவாட்டுத் தசை.

ஓசூர் சிப்காட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பாருங்கள். ஷிஃப்ட் முழுக்க லைனில் நின்றுவிட்டு வந்தவர்கள். டிபன் பை ஒரு தோளில், உடம்பு மொத்தமும் ஒரு காலில், அந்தப் பக்கத்து இடுப்பு வெளியே துருத்திக்கொண்டு. அப்போது குளூட்டியஸ் மீடியஸ் என்ற அந்தத் தசை சும்மா இருக்கிறது; பாரம் தொடையின் வெளிப்பக்க நாரில் தொங்குகிறது. நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவு சொன்னது. ஸ்டூல் காலுக்கு நல்லது. இந்தத் தசைக்குப் பயிற்சிதான் கதி.

நடக்கையில் ஒவ்வோர் எட்டிலும் கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். 60 கிலோ ஆள் என்றால், ஊன்றிய கால் போக மீதி 50 கிலோ உள்பக்கமாகச் சரியப் பார்க்கும். வெளிப்பக்கமிருந்து அதை இழுத்துப் பிடிப்பது இந்தத் தசை. மூட்டிலிருந்து தசைக்குக் கிடைத்திருக்கும் தூரமோ அந்த எடைக்குள்ளதில் பாதிதான். ஆகவே சுமார் 100 கிலோ இழுக்கவேண்டும். இரண்டும் சேர்ந்து மூட்டில் இறங்குவது 150. தசை தளர்ந்தால் எதிர்ப்பக்க இடுப்பு சரியும். 1895-ல் ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் விவரித்த அடையாளம் இது.

இந்தக் கணக்கில்தான் கைத்தடி வந்து மாட்டியது. சந்திரசூடேஸ்வரர் மலைப்படியில் ஒரு பெரியவர். வலி வலது இடுப்பில், தடியும் வலது கையில்.

“இடது கைக்கு மாத்துங்க தாத்தா.”

“நோவு இந்தப் பக்கம், தடி அந்தப் பக்கமாப்பா?”

மாற்றிப் பிடித்து நாலு படி ஏறினார். ஒன்றும் சொல்லவில்லை, தடியை மட்டும் திரும்ப மாற்றவில்லை. எதிர்க்கைத் தடி மூட்டிலிருந்து வெகு தள்ளி ஊன்றுகிறது. அங்கே 5 கிலோ அழுத்தினாலே தசைக்கு ஏறக்குறைய 40 கிலோ மிச்சம். அமெரிக்க எலும்பு மருத்துவர் பிளவுண்ட் 1956-ல் ‘கைத்தடியை எறிந்துவிடாதீர்கள்’ என்றே தலைப்பு வைத்துக் கட்டுரை எழுதினார். இப்போதெல்லாம் சினிமாவில் கால் ஒடிந்தவர் தடியை எந்தக் கையில் பிடிக்கிறார் என்று பார்ப்பதிலேயே எனக்குக் கதை விட்டுப்போகிறது.

சரி, பயிற்சி. சுவரை ஒட்டி ஒருக்களித்துப் படுங்கள், முதுகு சுவர்ப்பக்கம். கீழ்க்கால் மடங்கியிருக்கட்டும். மேல்காலை நீட்டி, குதிகால் சுவரை உரசியபடி ஒரு முழம் தூக்கி, மெல்ல இறக்குங்கள். பெருவிரல் கூரையைப் பார்த்தால் வேலை முன்தொடைக்குப் போய்விடும். பக்கத்துக்குப் பத்து. மூட்டுக்குள் சுருக்கென்று வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

படியேறும் பயிற்சியையும் இந்த வாரமே தருவதாகச் சொல்லியிருந்தேன். தடி இடத்தைத் தின்றுவிட்டது. அடுத்த வாரம் அதுவும், கிருஷ்ணகிரி, தர்மபுரிக் கிணறுகளின் ஃபுளோரைடு தண்ணீரால் மூட்டு இறுகியவர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதும்.