நான்கிலிருந்து இருபது வரை

ஊரில் இருந்தவரை, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று எட்டிப் பார்த்தால் போதும். பிழைப்புக்காக வெளியூர் வந்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியேறிய நமக்கு அந்த வசதி இல்லை. தொட்டி எட்டாவது மாடிக்கு மேலே. மோட்டார் தரைக்குக் கீழே. இரண்டுக்கும் இடையே ஓர் ஒயர். அந்த ஒயர் சொல்வதைத்தான் நம்பியாக வேண்டும்.

2024 கோடையில் பெங்களூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது, எங்கள் குடியிருப்பில் மிதவை ஸ்விட்சின் ஒயரை ஒரு நாள் இரவு எலி கடித்துவிட்டது. மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அது ‘தொட்டி காலி’ என்றே தெரிந்தது. விடிய விடிய மோட்டார் ஓடி, காசு கொடுத்து வாங்கிய லாரித் தண்ணீர் மொட்டை மாடியிலிருந்து சாக்கடைக்குப் போயிற்று. காலையில் அறுபது குடும்பங்களுக்கும் குழாயில் காற்றுதான் வந்தது.

மிதவையை மாற்றினால் போதும் என்றார்கள் பலர். தொழிற்சாலைகளில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறுந்த ஒயரும் காலித் தொட்டியும் ஒன்றுபோலத் தெரிந்ததுதான் அங்கே கோளாறு. தொழிற்சாலைகளில் இதற்குப் பல காலமாக ஒரு வழி இருக்கிறது: 4-20 மில்லி ஆம்பியர் கரண்ட் லூப்.

ஏன் நாலு?

எதிர்வீட்டில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் கேட்டாள்: “அங்கிள், பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தால் கணக்கு சுலபமாச்சே, ஏன் நாலு?”

அதில்தான் சூட்சுமமே இருக்கிறது. தொட்டி காலி என்றால் சென்சார் 4 மி.ஆ. அனுப்பும்; அதன் முழு அளவுக்கு 20 மி.ஆ. ஒயர் அறுந்தால் பூஜ்யம். ஆக, “தண்ணீர் இல்லை” என்பது வேறு, “எனக்குத் தெரியவில்லை” என்பது வேறு. அந்த நாலுக்குள் அடங்கும் மின்சாரத்திலேயே சென்சாரும் இயங்கிக்கொள்வதால் இரண்டு ஒயர் போதும். கிளையில்லாத வாய்க்காலில் எந்த இடத்தில் அளந்தாலும் ஒரே அளவு தண்ணீர் போவதுபோல, லூப்பிலும் எங்கும் ஒரே கரண்ட். எட்டு மாடி ஒயரின் தடையால் அளவு மாறாது.

இணைப்பு

இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005-ல் பிறந்த ஆர்டுயினோ போர்டை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். பெங்களூர் எஸ்.பி. ரோடு, மும்பை லாமிங்டன் ரோடு, தில்லி லஜபத் ராய் மார்க்கெட் எங்கும் கிடைக்கிறது. ஆனால் அது கரண்டைப் படிக்காது, வோல்ட்டைத்தான் படிக்கும். குறுக்கே ஒரு ரெசிஸ்டரைப் போட்டால் கரண்ட் வோல்ட்டாகிவிடும்.

24 வோல்ட் சப்ளையின் பிளஸ், சென்சாரின் பிளஸ்ஸுக்கு. சென்சாரின் மைனஸ், ரெசிஸ்டரின் ஒரு முனைக்கு. அதே முனையிலிருந்து ஆர்டுயினோவின் ஏ0-க்கு. ரெசிஸ்டரின் மறுமுனை, சப்ளையின் மைனஸ், ஆர்டுயினோவின் கிரவுண்ட் மூன்றும் ஒன்றாக.

புத்தகங்கள் 250 ஓம் என்று சொல்லும். அதில் 20 மி.ஆ. சரியாக 5 வோல்ட் ஆகிவிடும். சென்சார் பழுதாகி அதற்கு மேல் போனால் நமக்குத் தெரியாது. ஆகவே நான் 220 ஓம் போட்டேன். 0.88 முதல் 4.4 வோல்ட் வரை வரும். ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டை 0 முதல் 1023 வரை எண்ணுவதால், காலிக்கு 180, முழு அளவுக்கு 900. இடையே 720 படிகள்.

எங்கள் சென்சார் 5 மீட்டர் அளவுள்ளது. எண் 612 வந்தால் 180-ஐக் கழித்து, 720-ஆல் வகுத்து, ஐந்தால் பெருக்குங்கள். 3 மீட்டர் தண்ணீர். பதினாறு முறை படித்துச் சராசரி எடுத்தால் எண் ஆடாமல் நிற்கும். யு.எஸ்.பி.யின் 5 வோல்ட் எப்போதும் சரியாக ஐந்தாக இருக்காது. அதை மல்டிமீட்டரில் அளந்து கணக்கில் சேர்ப்பது நல்லது. 3.3 வோல்ட்டில் இயங்கும் போர்டானால் ரெசிஸ்டர் 150 ஓம்.

எண் 162-க்குக் கீழே, அதாவது 3.6 மி.ஆ.வுக்குக் குறைவாக வந்தால் ஒயர் அறுந்தது என்று கொள்ளலாம். 945-க்கு மேலே, 21 மி.ஆ.வைத் தாண்டினால், சென்சார் பழுது. இரண்டிலும் மோட்டார் நிற்க வேண்டும், மணி அடிக்க வேண்டும். புரோகிராமில் இந்த இரண்டு வரிகளை முதலில் எழுதச் சொன்னேன். நீர்மட்டம் காட்டும் அழகான திரையெல்லாம் பிறகு.

எச்சரிக்கை

சென்சார் ஷார்ட் ஆனால் 24 வோல்ட் முழுதும் ரெசிஸ்டர் தலையில் இறங்கும். 109 மி.ஆ., இரண்டரை வாட்டுக்கு மேல். கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும். ஆகவே லூப்பில் ஒரு 50 மி.ஆ. பியூஸ், ஏ0-க்குப் போகும் வழியில் 10 கிலோ ஓம், ஏ0-விலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு ஷாட்கி டயோடு, அதன் கோடு 5 வோல்ட் பக்கம். மொத்தச் செலவு ஒரு வேளை டிபனுக்குக்கூட ஆகாது. மோட்டாரின் 230 வோல்ட் பக்கத்தை மட்டும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

வேலை முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் ஒயரைக் கழற்றச் சொன்னேன். மோட்டார் நின்றது, மணி அடித்தது. “தொட்டி நிறைந்ததைச் சொல்வதைவிட இதுதான் அங்கிள் பெரிய விஷயம்” என்றாள். உங்கள் குடியிருப்பிலும் ஒரு முறை மிதவையின் ஒயரைக் கழற்றிவிட்டு மோட்டார் என்ன செய்கிறது என்று பாருங்கள். அது ஓடத் தொடங்கினால், அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பிள்ளையையும் அழைத்து வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.