காய்ச்சலுக்கு நிலவேம்பு... ஆய்வகம் என்ன சொல்கிறது?

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் என்றதும் சின்ன வெங்காயமும் மலைமேல் இருக்கும் தண்டாயுதபாணி கோயிலும் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் காய்ச்சல் என்றால் நிலவேம்பைத் தேடுபவர்கள் உண்டு. 2012-ல் டெங்கு பரவியபோது தமிழக அரசே நிலவேம்புக் குடிநீரை விநியோகித்தது. நிலவேம்பு, வெட்டிவேர், சுக்கு, மிளகு, பற்படாகம் உட்பட 9 சரக்குகள் சேர்ந்தது அது.

சரி, இந்தக் கசப்புச் செடியை ஆய்வகத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

ஊதா நிறம் மஞ்சளானால்...

முதலில் ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனை. 'டி.பி.பி.எச்.' என்ற ஊதா நிறக் கரைசலில் செடியின் சாற்றை விடுவார்கள். ஊதா வெளுத்து மஞ்சளானால், செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கும் திறன் சாற்றுக்கு இருக்கிறது என்று பொருள். ஆனால், இதில் தேறினாலே மலேரியாவுக்கு மருந்தாகிவிடாது. அதற்குத் தனிச் சோதனை உண்டு.

கிருமியோடு நேரடி மோதல்

மனித ரத்த சிவப்பணுக்களில் மலேரியா கிருமியை வளர்த்து, அதில் சாற்றைச் சேர்ப்பார்கள். கிருமியின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு சாறு தேவை என்பதே கணக்கு. அளவு குறையக் குறைய வீரியம் அதிகம். 2009-ல் 'மலேரியா ஜர்னல்' வெளியிட்ட இந்திய ஆய்வில், நிலவேம்பின் மெத்தனால் சாற்றுக்கு அது மில்லிலிட்டருக்கு 7.2 மைக்ரோகிராம். மஞ்சளில் உள்ள குர்குமினுடன் சேர்த்துக் கொடுத்தபோது, மலேரியா தாக்கிய எலிகள் கூடுதல் நாள்கள் உயிர் வாழ்ந்தன.

எலி வேறு, மனிதர் வேறு!

சீன விஞ்ஞானி து யூயூ, பழைய மருத்துவ நூலில் கிடைத்த குறிப்பைப் பின்பற்றி, ஒரு மூலிகையிலிருந்து ஆர்ட்டிமிசினின் மருந்தைக் கண்டறிந்தார். 2015-ல் நோபல் பரிசும் பெற்றார். எலி, குரங்கு, பிறகு மனிதர்கள் எனப் படிப்படியாகச் சோதித்த பிறகே அது மருந்தானது. நிலவேம்பு மலேரியாவுக்கான மருந்தாக இன்னும் அந்தத் தூரத்தைக் கடக்கவில்லை. மெத்தனால் சாறும் வீட்டுக் கஷாயமும் ஒன்றல்ல.

ஃபால்சிபாரம் வகை மலேரியா, சிகிச்சை இல்லாவிட்டால் 24 மணி நேரத்துக்குள்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். எனவே குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால், கஷாயம் குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் உடனே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் நிலவேம்பைத் தொடவே வேண்டாம்.