வரி வாங்க மறுக்கும் கை

பங்கைத் தாங்குவது என்றால் உண்டியலில் காசு போடுவது மட்டுமா? நம் ஊர்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கினால்தான் அந்தக் குடும்பம் பங்கில் சேர்த்தி. கொடுக்க வருபவரிடம் வாங்க மறுப்பதும் தீண்டாமைதான்.

எறையூரில் தலித் கத்தோலிக்கர்களுக்குக் கல்லறையும் தனி. 'ஒதுக்கத்தான் போகிறீர்கள் என்றால் எங்கள் சகாய மாதா கோயிலையே தனிப் பங்காக்குங்கள்' என்பதுதான் அவர்கள் கோரிக்கை. 2008 மார்ச் 9 அன்று அது மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் எதிர்த்த தரப்பில் 2 பேர் இறந்தார்கள். இரு பக்கமும் ஒரே ஜெபமாலை உருட்டியவர்கள்!

இந்தியக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையோர் தலித்துகள் என்றும், திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்றும் 2016-இல் ஆயர் பேரவையே ஒரு கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. சரி, உங்கள் பங்குப் பேரவையில் தலித்துகள் எத்தனை பேர்? தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது? மாணவர்கள் அடுத்த திருவிழாவில் பார்த்துவிட்டு வரலாம்.