குதிகால் வெடிப்புக்கு வீட்டிலேயே களிம்பு செய்வோம்

தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்து மலைகளில் வெயிலைக் காண்பதே அரிது. காலையில் பிரட்டுக்குப் போனது முதல் மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுக்கும்வரை கால் ஈரத்திலேயே கிடக்கிறது. லயத்துக்கு வந்ததும் குளிர் தாங்காமல் அடுப்பண்டையில் காலை நீட்டி உட்காருகிறோம். நாள் முழுக்க ஊறிய தோல் அந்தச் சூட்டில் ஒரேயடியாகக் காய்கிறது. குதிகால் வெடிக்கிறது.

இதை நாம் பித்தவெடிப்பு என்கிறோம். பித்தத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. உடம்பின் மற்ற இடங்களில் தோலுக்கு எண்ணெய்ப்பசை தரும் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்காலில் அவை கிடையாது; வியர்வைச் சுரப்பிகள் மட்டுமே உண்டு. ஆகவே காய்ந்து தடித்த தோலின்மேல் உடம்புப் பாரமும் கூடைப் பாரமும் சேர்ந்து இறங்கும்போது ஓரம் பிளந்துவிடுகிறது. உடம்பு தராத எண்ணெய்ப்பசையை நாம்தான் கொடுக்க வேண்டும்.

"வெடிப்புதானே, தன்னால ஆறிடும்" என்று விட்டுவிடுகிறோம். சிறு வெடிப்பாக இருக்கும்போது பத்து நிமிட வேலை. அது ஆழமாகி, மண் ஏறி, சீழ் பிடித்தால் நாலைந்து நாள் பேர் போய்விடும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அதே வெடிப்பு, விரலையோ காலையோ எடுக்கும் நிலைவரை கொண்டுபோகலாம்.

முதலில் கழுவுவோம்

வேலை விட்டு வந்ததும் காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு இளஞ்சூடான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்திருந்தால் தடித்த தோல் இளகும். தேங்காய்த் தும்பாலோ சொரசொரப்பான கல்லாலோ மெதுவாகத் தேய்க்கலாம். பிளேடால் சீவக் கூடாது. கழுவிய பின் விரலிடுக்குகளை உலர்ந்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். சேற்றுப்புண் வருவது அந்த ஈரத்தில்தான்.

களிம்பு செய்யும் முறை

வேண்டியவை: தேங்காய் எண்ணெய் 10 மேசைக்கரண்டி, சீவிய தேன்மெழுகு 2 மேசைக்கரண்டி. கிராமத்தில் தேன் எடுப்பவர்களிடம் மெழுகைக் கேட்டு வாங்கலாம். கடை மெழுகுதிரி இதற்கு உதவாது.

ஒரு சட்டியில் தண்ணீரைச் சுட வையுங்கள். எண்ணெயையும் மெழுகையும் ஒரு சுத்தமான டின்னில் போட்டு, அந்த டின்னைத் தண்ணீருக்குள் நிறுத்துங்கள். நேரே நெருப்பில் வைத்தால் எண்ணெய் தீப்பற்றும். பிள்ளைகளையும் அடுப்பண்டை விடாதீர்கள். மெழுகு கரைந்ததும் ஒரு துளியைக் குளிர்ந்த கரண்டியில் விட்டுப் பாருங்கள். கல்லாக இறுகினால் இன்னும் கொஞ்சம் எண்ணெய், தண்ணியாக ஓடினால் இன்னும் கொஞ்சம் மெழுகு. பதம் வந்ததும், கழுவி நன்றாகக் காயவைத்த போத்தலில் ஊற்றி ஆறவிடுங்கள். தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று மாதம் கெடாது.

இரவு கால் கழுவித் துடைத்ததும் குதிகாலில் தேய்த்து, பழைய காலுறை ஒன்றைப் போட்டுக்கொண்டு படுங்கள். மலைக்குப் போகுமுன்பும் ஒரு தடவை பூசினால் ஈரம் ஊறுவது குறையும். விரலிடுக்கில் பூச வேண்டாம். மெழுகு கிடைக்காவிட்டால் தேங்காய் எண்ணெய் மட்டுமே போதும். அடிக்கடி பூச வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

தேயிலைச் சாயத்தின் உதவி

இறப்பர் சப்பாத்துப் போட்டு வேலை செய்வோருக்குக் கால் வியர்த்து நாறுவது பெரிய தொல்லை. நாம் பறித்த கொழுந்தே இதற்கு உதவும். இரண்டு மேசைக்கரண்டி தேயிலைத் தூளை அரை லீற்றர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடித்து, இரண்டு லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, காலை இருபது நிமிடம் வையுங்கள். சாயத்தில் உள்ள துவர்ப்பு தோலை இறுக்கி வியர்வையைக் குறைக்கும். துவர்ப்பு தோலைக் காயவைக்கும் என்பதால், வெடிப்பு உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

அட்டைக்கடி

அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு போவது நம்மவர் பழக்கம். நல்லதுதான். ஆனால் அது தோலைக் காயவைக்கும். மாலையில் கழுவிவிட்டுக் களிம்பு பூச வேண்டும். கடித்த அட்டையை இழுத்துப் பிய்க்காமல், வாய்ப்பக்கம் நகத்தை வைத்துத் தள்ளிவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க அட்டை ஒரு நீரைச் செலுத்துகிறது. அதனால்தான் ஒழுகிக்கொண்டே இருக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். அரிக்கும்போது சொறிந்தால் புண்ணாகிவிடும்.

எப்போது டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும்?

நாம் செய்யும் களிம்பு மூடிய தோலுக்கு மட்டுமே. இரத்தம் கசியும் வெடிப்பு, சீழ், வீக்கம், காலோடு காய்ச்சல், இவற்றில் ஒன்று கண்டாலும் களிம்பை எடுத்து வைத்துவிட்டு டிஸ்பென்சரிக்குப் போய்விடுங்கள். புண்ணில் சுண்ணாம்பு, புகையிலை, சாம்பல், சாணி, மண்ணெண்ணெய் எதையும் வைக்காதீர்கள். ஆணியோ கத்தியோ குத்தியிருந்தால் ஏற்பு வலி ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள். விரலிடுக்குச் சேற்றுப்புண்ணுக்குத் தரும் மருந்தை, அரிப்பு நின்றதும் நிறுத்தாமல் சொன்ன நாள்வரை பூசுங்கள்.

வெடிப்போடு வயலிலோ கானிலோ இறங்குவோர் எலிக்காய்ச்சலையும் நினைவில் வைக்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து கிருமி வெடிப்பு வழியாக உடம்புக்குள் போகிறது. 2008இல் நம் நாட்டில் 7,000 பேருக்கு மேல் இந்தக் காய்ச்சல் சந்தேகத்தில் பதிவானார்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காலில் உணர்வு குறைந்துவிடும். கல் குத்தினாலும் தெரியாது, தண்ணீர் சுட்டாலும் தெரியாது. இவர்கள் காலை ஊறவைக்கவே வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். அந்தச் சூட்டையும் வீட்டில் வேறொருவர் முழங்கையால் பார்த்துச் சொல்லட்டும். "இந்த வயசுல காலுக்கு எதுக்கு பூச்சு?" என்று அப்பாயியோ தாத்தாவோ சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். இரவில் விளக்கு வெளிச்சத்தில் அவர்களின் உள்ளங்காலைப் பேரப்பிள்ளைகள் ஒரு தடவை பார்த்தால் போதும். சிறு காயம் கண்டாலும் மறுநாள் காலையிலேயே காட்டிவிட வேண்டும்.