தன் கிண்ணத்திலிருந்து ஒன்று

கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற மஞ்சள் பலகை வரும். “சானடோரியம்னா என்னப்பா?” என்று ஜன்னலோரக் குழந்தை கேட்டால், “அது ஒரு ஸ்டேஷன் பேரு, அடுத்த ஸ்டேஷன்ல இறங்கணும், பையை எடு” என்று சொல்லி முடித்துவிடுகிறோம். டிசம்பர் மாதத்தில் மட்டுமாவது அந்தப் பதிலைக் கொஞ்சம் நீட்டலாம். கொடுப்பதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச, தென்சென்னைப் புறநகரில் அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

காற்றும் வெயிலும் ஓய்வும் நல்ல சாப்பாடும்தான் காசநோய்க்கு மருந்து என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அப்படி வைத்துப் பராமரிக்கும் இடத்துக்குப் பெயர்தான் சானடோரியம். சென்னைக்காரரான டாக்டர் டேவிட் சௌரிமுத்து இங்கிலாந்தில் மருத்துவம் படித்து, அங்கேயே மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் விடுதி நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் 1917-ல் நோயுற்றபோது சில காலம் அவருடைய விடுதியில்தான் இருந்தார். அதே மருத்துவர் ஊர் திரும்பி, 1928-ல் தாம்பரத்துக் காட்டுப்பகுதியில் 12 படுக்கைகளுடன் தொடங்கியதே இந்தச் சானடோரியம். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. பேருந்தில் ‘சானடோரியம் ஒண்ணு’ என்று டிக்கெட் கேட்கிற நாம் எல்லோரும் அந்த 12 படுக்கைகளின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கும் கிறிஸ்துமஸுக்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளை கேட்கும். கேட்க வேண்டும்.

ஒரு காசு சீல்

1903 டிசம்பரில் டென்மார்க்கில் ஐனார் ஹோல்போல் என்ற தபால் ஊழியர் மலைபோல் குவிந்த கிறிஸ்துமஸ் வாழ்த்துகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு உறையிலும் தபால்தலையோடு இன்னொரு சின்ன வில்லையை ஒட்டச் சொல்லி, அதற்கு ஒரு சில்லறைக்காசு வாங்கினால் காசநோயால் வாடும் குழந்தைகளுக்கு உதவலாமே என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த ஆண்டே ‘கிறிஸ்துமஸ் சீல்’ வந்துவிட்டது. முதல் ஆண்டிலேயே 40 லட்சத்துக்கும் மேல் விற்றது.

1907-ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஒரு சிறிய காசநோய் விடுதி பணமில்லாமல் மூடும் நிலையில் இருந்தது. தேவைப்பட்டது 300 டாலர். எமிலி பிஸல் என்ற பெண்மணி, ஒன்று ஒரு சென்ட் என்று சீல் அச்சடித்து விற்றார். திரண்ட தொகை கிட்டத்தட்ட பத்து மடங்கு. அந்த விற்பனையைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். பிலடெல்பியாவில் பேப்பர் விற்கும் சிறுவன் ஒருவன் தன் சம்பாத்தியத்திலிருந்து ஒரு சென்ட்டை மேஜைமேல் வைத்து, தனக்கும் ஒரு சீல் வேண்டும் என்றானாம். தன் அக்காவுக்கும் அந்த நோய் இருப்பதுதான் அவன் சொன்ன காரணம்.

அந்தச் சீல் நம் ஊருக்கும் வந்தது. இந்தியக் காசநோய்ச் சங்கம் 1950 முதல் ஆண்டுதோறும் ‘டி.பி. சீல்’ வெளியிட்டது. காந்தி ஜெயந்தியன்று விற்பனை தொடங்கும். இரட்டைக் குறுக்குக்கோடு போட்ட சிலுவைச் சின்னத்தோடு, வகுப்பாசிரியர் நீட்டிய அந்தத் தாள்களை இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கூடவே இன்னொன்றும் நினைவிருக்கும். சீல் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனால் அப்பா மொத்தப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிடுவார். அல்லது அம்மா, “இதே வேலையாப் போச்சு உங்க ஸ்கூலுக்கு” என்று முணுமுணுத்தபடி அஞ்சறைப்பெட்டியைத் திறப்பார். பிள்ளை செய்தது தாளை வாங்கி வந்ததும், காசைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும்தான். கொடுத்தவர் அப்பா, பிள்ளை வெறும் தபால்காரன். பேப்பர் விற்ற சிறுவனுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அவன் வைத்த காசு அவனுடையது.

குழந்தையின் முகம் சொல்வது

இது வெறும் பழங்கதை அல்ல. கனடாவில் லாரா அக்னின், கைலி ஹாம்லின், எலிசபெத் டன் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் இரண்டு வயதுகூட நிறையாத குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். குழந்தையின் முன் ஒரு கிண்ணத்தில் பிஸ்கட் துண்டுகளை வைத்தார்கள். எதிரே, தின்பதில் ஆசையுள்ள ஒரு பொம்மை. முதலில் குழந்தைக்குத் தின்பண்டம் கிடைத்தது. பிறகு ‘இதோ இன்னொன்று கிடைத்தது’ என்று பெரியவர் எங்கிருந்தோ எடுத்த துண்டைப் பொம்மைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை, குழந்தையின் சொந்தக் கிண்ணத்திலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் குழந்தையின் முகத்தைப் படமெடுத்து, மகிழ்ச்சிக்கு மதிப்பெண் போட்டார்கள்.

வாங்கியபோது இருந்ததைவிடக் கொடுத்தபோது முகம் மலர்ந்திருந்தது. அதிலும், யாரோ எடுத்துத் தந்ததைக் கொடுத்தபோது வந்த மலர்ச்சியைவிட, தன் கிண்ணத்திலிருந்து கொடுத்தபோது வந்தது அதிகம்.

இதை ஒட்டி இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் வார்னகன், டொமசெல்லோ என்ற இருவர் 20 மாதக் குழந்தைகளிடம் 2008-ல் செய்தது. கீழே விழுந்த பொருளை எடுத்துத் தந்த குழந்தைகளில் சிலருக்குப் பரிசு கொடுத்தார்கள். சிலரைப் பாராட்டினார்கள். சிலரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பரிசு நிறுத்தப்பட்டதும், பரிசு வாங்கிப் பழகியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக உதவினார்கள். ‘அதிகக் காணிக்கை கொண்டுவரும் பிள்ளைக்குக் கப்’ என்று அறிவிக்கும் முன் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் ஒரு நிமிடம் யோசிக்கலாம். தானாக ஊறுகிற கிணற்றில் நாமே கல்லைப் போடுகிறோம்.

பலகாரத் தட்டு என்னும் பள்ளிக்கூடம்

இந்தப் பயிற்சிக்கு ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை. நம் தெருக்களில் ஏற்கெனவே ஒன்று நடந்துகொண்டுதான் இருந்தது.

நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கமிருந்து வேலைக்காக வந்து தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை என்று குடியேறிய கிறிஸ்தவக் குடும்பங்கள் முந்திரிக்கொத்தையும் அச்சுமுறுக்கையும் கூடவே கொண்டுவந்தன. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்து ஆங்கிலோ இந்திய வீடுகளில் கல்கல்லும் பிளம் கேக்கும். டிசம்பர் இருபதைத் தாண்டினால் அடுப்படியில் எண்ணெய் காயும் வாசனை தெருமுனை வரை வரும். சுட்ட பலகாரம் டப்பாவில் நிற்காது. எவர்சில்வர் தட்டில் அடுக்கி, மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு, பிள்ளையின் கையில் கொடுப்பார்கள். “எதிர் வீட்டு மாமிக்கு முட்டை போடாதது. மாத்திக் குடுத்துடாதே. பாய் வீட்டுக்குப் பெரிய தட்டு.”

அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். தீபாவளிக்கு அங்கிருந்து இங்கே வரும், பெருநாளுக்கு பிரியாணி வரும். யார் கொடுப்பவர், யார் வாங்குபவர் என்ற கணக்கு அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

தமிழ் இலக்கணத்தில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. தாழ்ந்த நிலையில் இருப்பவர் கேட்டால் ‘ஈ’, சமமானவர் கேட்டால் ‘தா’, உயர்ந்தவர் கேட்டால் ‘கொடு’ என்று கேட்பவரின் நிலைக்கேற்ப மூன்று சொற்களைப் பிரித்து வைத்தது தொல்காப்பியம். பலகாரத் தட்டு ‘தா’ என்ற சொல்லின் பிள்ளை. அதில் இரக்கம் இல்லை, உறவு இருக்கிறது. பிள்ளைகளுக்கு முதலில் பழக்க வேண்டியது இந்தக் கொடுத்தல்தான். அடுக்குமாடிகள் வந்தபின் தட்டு நின்று, வாட்ஸ்அப் வாழ்த்து வந்திருக்கிறது. லிஃப்டில் தினம் பார்க்கிற காவலாளியின் பெயர்கூடத் தெரியாத பிள்ளையை, எங்கோ இருக்கும் ஏழைக்கு உதவச் சொல்லிக் கூட்டிப்போகிறோம்.

வெள்ளம் கற்றுத்தந்தது

தென் புறநகர்ப் பிள்ளைகளுக்கு டிசம்பர் என்றால் ஸ்டாரும் குடிலும் மட்டுமல்ல. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர்ப் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம்கூட முழுதாக இருக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் முடிச்சூரும் பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் மறுபடி தண்ணீரில் நின்றன.

மொட்டைமாடியில் நின்று, படகில் வந்தவர் நீட்டிய பால் பாக்கெட்டையும் பிரெட்டையும் வாங்கிய பிள்ளைகள் இந்தப் பகுதியில் ஏராளம். நேற்றுவரை ‘கொடுக்கிற வீடு’ என்று நினைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். வாங்குகிற கை எப்படிக் கூசும் என்பது எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராத பாடம். வந்த பழைய துணி மூட்டைகளில் கிழிந்ததும் கறைபட்டதும் எவ்வளவு என்று பார்த்தவர்களும் அவர்களே. அந்தப் பாடத்தை மறக்க விடாதீர்கள். ‘நமக்கு இதைத் தந்திருந்தால் உடுத்தியிருப்போமா?’ என்று அலமாரியைத் திறக்கும்போதே பிள்ளையைக் கேளுங்கள். பதில் ‘இல்லை’ என்றால் அது தானம் ஆகாது, குப்பை மூட்டைதான்.

கேமராவை உள்ளே வையுங்கள்

டிசம்பர் மூன்றாம் வாரம் வந்தால் குழந்தைகள் இல்லங்களில் கூட்டம் தாங்காது. காலையில் ஒரு கேக், மதியம் ஒரு பிரியாணி, மாலையில் இன்னொரு கேக். சிவப்புத் தொப்பி போட்ட நம் பிள்ளை நடுவில் நிற்க, இல்லத்துப் பிள்ளைகள் வரிசையாகக் கைநீட்டி நிற்கும் படம் அன்று இரவே ஸ்டேட்டஸில் ஏறும். ஜனவரியில் அந்த வாசலில் ஒரு வண்டியும் நிற்காது.

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலம் என்று சொல்லப்படும் மைரா ஊர் ஆயர் நிக்கோலஸைப் பற்றிய கதையிலேயே, ஏழைத் தகப்பன் ஒருவனின் மூன்று மகள்களுடைய திருமணத்துக்காக அவர் பணமுடிப்பை இரவில், யாரும் பார்க்காமல் வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போனார் என்றுதான் வருகிறது. பள்ளிகளில் விளையாடுகிற கிறிஸ் மாம் – கிறிஸ் சைல்ட் விளையாட்டின் ருசியும் அதுதானே? யார் வைத்தது என்று தெரியாமல் டெஸ்க்கில் இருக்கும் ஒரு சாக்லேட், வாங்கியவளைவிட வைத்தவளைத்தான் நாளெல்லாம் சிரிக்க வைக்கிறது.

கேரல் ரவுண்ட்ஸிலும் பிள்ளைகளைக் கொடுப்பவர்களாக்கலாம். நள்ளிரவில் வேனில் ஏறி வீடு வீடாகப் பாடிவிட்டு, காணிக்கை உறையை மூத்தவர்களிடம் கொடுத்ததோடு பிள்ளையின் வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பணம் எங்கே போகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இன்னும் ஒரு படி மேலே போய், அதில் ஒரு பங்கை எதற்குச் செலவிடுவது என்று அவர்களையே முடிவு செய்ய விடுங்கள். ‘மருத்துவமனைக்கு எதிரே நோயாளியோடு வந்து தங்குகிறவர்களுக்குப் போர்வை’ என்று ஒரு பத்து வயதுக்காரி சொன்னால், கமிட்டிப் பெரியவர்கள் குறுக்கே பேச வேண்டாம்.

இந்த வருடம் வீட்டில்

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். சோறு வடிக்க உலையில் அரிசி போடும்முன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைக்கும் பிடியரிசி வழக்கம் நம்மிடம் உண்டு. காஞ்சிப் பெரியவரும் அதைச் சொன்னார், தேவாலயங்களிலும் அது இருந்தது. அதன் அழகு, வீட்டுப் பானையிலிருந்தே குறைவது. பிள்ளையின் பானை எது? அதன் உண்டியல், அதன் கலர் பென்சில் பெட்டி, அதன் சனிக்கிழமை மாலை. அதிலிருந்து ஒரு பிடி எடுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு என்பதை அதுவே முடிவு செய்யட்டும். ஐந்து ரூபாய் என்றால் ஐந்து ரூபாய்தான். ‘நான் கூட நூறு போடுறேன்’ என்று நீங்கள் சேர்த்தால், அந்த ஐந்து ரூபாய் காணாமல் போய்விடும்.

கொடுக்க மனமில்லை என்று பிள்ளை சொன்னால் விட்டுவிடுங்கள். வற்புறுத்தி வாங்கினால் அது வரி. நீங்கள் கொடுங்கள், அது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

24-ஆம் தேதி மாலை ஒரு தட்டில் நாலு முறுக்கும் ஒரு துண்டு கேக்கும் அடுக்கி, துணி போட்டு மூடி, பிள்ளையின் கையில் கொடுங்கள். கீழே காவலாளி அண்ணனின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். தட்டில் வைக்கும் கடைசிப் பண்டத்தை மட்டும் அது தன் பங்கிலிருந்து எடுத்து வைக்கட்டும்.