இடி கேட்ட பிறகும் மழைக்குக் காத்திருக்காதீர்கள்

பிற்பகல் மூன்று மணிக்குப் புலாவ் செபாங் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். தம்பின் மலைப் பக்கம் வானம் கருகருவென்று திரண்டிருக்கும், இடியும் உருளும். செம்பனைக் குலை வெட்டுகிறவர் நீண்ட அலுமினியக் கம்பத்தைக் கீழே இறக்கியிருக்க மாட்டார். கேட்டால் "இன்னும் மழை வரலையே" என்பார். தூறல் விழுந்த பிறகுதான் கம்பத்தை மரத்தில் சாய்த்துவிட்டு, அந்த மரத்தடியிலேயே ஒதுங்குவார். முதலில் செய்ததும் தவறு, பிறகு செய்ததும் தவறு. பெரிய மழைமேகத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும், ஒரு சொட்டு மழை இல்லாத இடத்திலும் மின்னல் இறங்கும்.

அடிபட்ட பிறகு நடப்பது இன்னும் வேதனை. "ஆண்டவன் செயல், கம்பெனி என்ன பண்ணும்?" என்று மண்டோர் சொல்ல, குடும்பமும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறது. கேட்க வேண்டிய பணம் கேட்கப்படாமலே போகிறது.

பணத்துக்குப் பிறகு வருவோம், முதலில் மேகம். மேகங்களை வகைபிரித்துப் பெயர் வைத்தவர் லூக் ஹவர்ட் என்ற ஆங்கிலேயர், 1802இல். உலக வானிலை அமைப்பு இன்று 10 அடிப்படை வகைகளைச் சொல்கிறது. வெளியில் வேலை செய்கிறவருக்கு அத்தனையும் தேவையில்லை. மிக உயரத்தில் இழை இழையாகத் தெரியும் கீற்று மேகத்தால் உடனடி ஆபத்து கிடையாது. காலையில் தாழ்வாக மூடி நிற்கும் படை மேகம் வெயில் ஏறினால் கலைந்துவிடும். நாள் முழுக்கச் சாம்பல் நிறத்தில் கவிந்து விடாமல் பெய்யும் மேகத்தில் இடி குறைவு, அங்கே பயப்பட வேண்டியது வெள்ளத்துக்கு. மின்னலால் உயிரை எடுப்பது கார்திரள் மேகம்.

அது திடீரென்று முளைப்பதில்லை. காலை பத்து, பதினொரு மணிக்கு அடிப்பக்கம் தட்டையாகவும் மேற்பக்கம் காலிஃபிளவர் பூவைப் போலவும் சின்னச் சின்னத் திரள் மேகங்கள் தோன்றும். அகலத்தைவிட உயரம் கூடுகிறதா, ஓரங்கள் வெட்டி வைத்தாற்போல் துல்லியமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆமென்றால் அது வளர்ந்துகொண்டிருக்கிறது. ஓரம் மங்கி, உச்சி தட்டையாக ஒரு பக்கம் விரியத் தொடங்கினால், மேற்பகுதி பனித்துகளாகிவிட்டது என்று அர்த்தம். நம் வெப்பமண்டலத்தில் அந்த உச்சி 15 கிலோமீட்டரையும் தாண்டும். உள்ளே பனித்துகளும் ஆலங்கட்டியும் மோதி மோதி மின்னூட்டம் பிரிவதால்தான் மின்னல். மார்ச் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை, பிறகு அக்டோபரிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை, பருவக்காற்று மாறும் காலங்களில் இது பிற்பகல்தோறும் நடக்கக்கூடியது. மேகத்துக்கு நேர் கீழே நிற்பவருக்கு உச்சி தெரியாது, கறுத்த அடிப்பகுதிதான் தெரியும். அதனால் பதினொரு மணிக்கே ஒருமுறை தலையைத் தூக்கிப் பாருங்கள்.

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், சுமத்ராப் பக்கம் இரவில் உருவாகும் இடிமழை வரிசை நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் மலாக்காக் கரையைத் தாக்கும். முன்னால் தாழ்வான கரிய மேகச் சுவர் ஒன்று வரும், அதற்கும் முன்னால் சில்லென்று காற்று அடிக்கும். தலைவிளக்கோடு இருட்டில் வெட்டிக்கொண்டிருப்பவர் அந்தச் சுவரைப் பார்க்க வழியே இல்லை. வீட்டைவிட்டு இறங்குமுன் மலேசிய வானிலைத் துறையின் மைசுவாச்சா செயலியில் ரேடார் படத்தைப் பார்த்தே ஆகவேண்டும். மேற்கே கடல்மேல் நீண்ட பட்டை தெரிந்தால் அது கடக்கும்வரை காத்திருங்கள்.

எப்போது நிறுத்துவது? மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடி ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் வேலை நின்றிருக்க வேண்டும். எண்ணத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இடி காதில் விழுந்தாலே நிறுத்துங்கள். கம்பத்தைப் படுக்கப் போட்டுவிட்டு விலகுங்கள். ஒதுங்க ஏற்றது சுவருள்ள மூடிய கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய கார், லாரி. நான்கு கால் நட்ட தகரக் கொட்டகை போதாது, மோட்டார் சைக்கிள் போதாது, மரத்தடி கூடவே கூடாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரவேண்டும். மழை விட்டது கணக்கல்ல. மின்னல் பட்டவர் உடம்பில் கரண்ட் தங்காது, தைரியமாகத் தொடலாம். மூச்சில்லையென்றால் நெஞ்சின் நடுவே வேகமாக, விடாமல் அமுக்குங்கள். இன்னொருவர் 999ஐ அழைக்கட்டும்.

பல தோட்ட அலுவலகங்களில் தினமும் மழையை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து நோட்டில் எழுதுகிறார்கள், உரம் போடும் திட்டத்துக்காக. இடியெச்சரிக்கை வந்ததும் ஒரு மணி அடிக்கவோ, வேலைக்காட்டுக்குப் பக்கத்தில் மூடிய கட்டடம் ஒன்று கட்டவோ மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. சட்டம் தொழிலாளி பக்கம் இருக்கிறது. திருத்தப்பட்ட 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஏ பிரிவு 1 ஜூன் 2024 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்தால் முதலாளியிடம் சொல்ல வேண்டும். அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால் அங்கிருந்து விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. வாயால் சொன்னதோடு வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி அனுப்பி வையுங்கள், அதுவே பிறகு சாட்சி. விலகியதற்காகச் சம்பளம் பிடித்தால் தொழிலாளர் அலுவலகத்துக்கும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கும் போங்கள்.

இனி பெர்கேசோ, நாம் சொக்சோ என்று சொல்லும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். வேலை நேரத்தில் வேலையிடத்தில் மின்னல் தாக்கினால் அங்கேதான் கேட்க வேண்டும். அது வேலை விபத்தா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியது பெர்கேசோ. மண்டோருக்கும் கிராணிக்கும் அந்த அதிகாரம் இல்லை. விபத்து தெரிய வந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும், பாரம் 34. அனுப்பினாரா என்று நகல் கேட்டு வாங்குங்கள். அனுப்பவில்லையென்றால் நீங்களே பெர்கேசோ அலுவலகத்துக்குப் போங்கள், 1-300-22-8000 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஆஸ்பத்திரியில் "மயங்கி விழுந்தார்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன வேலையில் இருந்தபோது மின்னல் தாக்கியது என்று டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள். கருகிய சட்டை, செருப்பு, பட்டை உரிந்த மரம் எல்லாவற்றையும் படமெடுங்கள், சட்டையைத் துவைக்காதீர்கள். பக்கத்தில் இருந்த இருவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எம்.சி. குறைந்தது 4 நாள் இருந்தால் தற்காலிக முடக்க உதவியாகச் சராசரி நாள் கூலியில் 80 விழுக்காடு கேட்கலாம். வேலைக்குப் போகும் வழியில் காற்றில் மரம் சாய்ந்து அடிபட்டால் அது பயண விபத்து. அதற்குப் போலீஸ் புகார், வழக்கமான பாதையின் வரைபடம், வருகைப் பதிவு வேண்டும். நிராகரித்துக் கடிதம் வந்தால் கெடு முடிவதற்குள் மேல்முறையீடு செய்யுங்கள். கடிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டி ஒரு பயனும் இல்லை.

சொந்தமாகப் புல் வெட்டுகிறவரும் சிறுதோட்டக்காரரும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுயதொழில் திட்டத்தில் பதியலாம். விபத்துக்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். விபத்துக்கு முன்பே.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 7 மே 2024 அன்று கோலாலம்பூர் சுல்தான் இஸ்மாயில் சாலையில் பெரிய மரம் விழுந்து ஒருவர் இறந்தார், பல வாகனங்கள் நசுங்கின. முழுக் காப்புறுதி இருந்தாலும் வெள்ளம், புயலில் மரம் விழுதல் ஆகியவற்றுக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். வீட்டின் அடிப்படைத் தீக்காப்புறுதியில் மின்னல் அடங்கும், வெள்ளம் அடங்காது.

நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி இடறுவது எல்லையில். ரயில் நிலையத்தின் பெயரே புலாவ் செபாங், தம்பின் இரண்டையும் சேர்த்துத்தான் இருக்கிறது. ஆனால் புலாவ் செபாங் மலாக்காவின் அலோர் காஜா மாவட்டம், தம்பின் நெகிரி செம்பிலான். வானிலை எச்சரிக்கை மாவட்ட வாரியாக வருவதால் இரண்டு பெயரையும் பாருங்கள், தம்பினுக்கு வந்த எச்சரிக்கை உங்கள் கூரைக்கும்தான். கூரை பறந்து உதவி கேட்கும்போது அடையாள அட்டையில் புலாவ் செபாங் முகவரி இருந்தால் அலோர் காஜா மாவட்ட அலுவலகத்துக்கும் அங்குள்ள சமூகநலத் துறைக்கும் போங்கள். தம்பினில் வரிசையில் நின்றால் திருப்பித்தான் அனுப்புவார்கள். சாலையோர ஆபத்தான மரத்துக்கு அலோர் காஜா நகராண்மைக் கழகம். புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். போலீஸ் புகாரையும் அவசரச் சிகிச்சையையும் மட்டும் எல்லை தடுக்காது, எது பக்கமோ அங்கே போங்கள்.